நெஞ்சுக்குள்ளே வருத்தம்

குலசிங்கம் கோப்பியை இடக்கையால்தான் குடிப்பார். குருண் ஊர்ச் சந்தையான பாசாருக்குப் பின்புறம் உள்ள சீனர் கடையில் அவருக்கென்று ஒரு மூலை மேசை உண்டு. முதலில் வெறுங்கோப்பையும் ஒரு கெண்டி வெந்நீரும் வரவேண்டும். வெந்நீரை விளிம்பைச் சுற்றி ஊற்றுவார். பிறகு கோப்பையின் கைப்பிடிக் காதின்மேல் ஊற்றுவார். மிச்சத்தைத் தட்டில் கவிழ்த்து, தட்டையும் அலசித் தெருவில் கொட்டுவார். அதற்குப் பிறகுதான் கோப்பி. கோப்பையின் காதை இடப்பக்கம் திருப்பி, இடக்கையால் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு.

"உலகத்திலை எல்லாரும் வலக்கையாலைதானே குடிக்கினம், தம்பி. அப்ப எல்லாற்றை வாயும் ஒரே பக்கத்திலைதான் படும். இந்தப் பக்கத்திலை ஆற்றை வாயும் படேல்லை, கண்டீரோ?"

இப்படியே நெடுங்காலம் நிம்மதியாகக் குடித்துவந்தார். ஒருநாள் அடுத்த மேசையில் உட்கார்ந்த பஸ் டிரைவர் இடக்கைக்காரராக இருந்தது அவருடைய கெட்ட காலம். அன்று கோப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. இப்போது காதுக்கு நேர் மேலே வாயை வைத்துக் குடிக்கிறார். காது மோவாயில் இடிக்கிறது. பாதி கோப்பி கழுத்தில் வழிகிறது. அதைத் துடைக்கும் கைக்குட்டை தனி. கையைத் துடைக்கும் கைக்குட்டை வேறு.

ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. துரைக்கு அடுத்தபடி ஆபீசில் அவர் சொல்தான் நடக்கும். நான் அவருக்கு அடுத்த மேசையில் உட்காரும் சின்னக் கிராணி. ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பீச்சாங்கைக் கெராணி'. அது அவருக்கும் தெரியும். "சொல்லட்டும். சொல்லாலை ஒண்டும் தொத்தாது" என்பார்.

வெள்ளை ட்ரில் கால்சட்டை, கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு, தலையில் தொப்பி. ஆள் வருவதற்கு முன்னால் கார்பாலிக் சோப்பின் வாடை வந்துவிடும். கைகளைப் பார்த்தால்தான் மனசு என்னவோ செய்யும். கழுவிக் கழுவி விரல்கள் நீரில் ஊறிய வேர்போல வெளுத்திருக்கின்றன. முட்டிகளில் தோல் வெடித்து உள்ளே சிவப்புத் தெரிகிறது. வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்விடும் என்று அயோடின் தடவுவார். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, தடவிய கையை மறுபடியும் கழுவுவார்.

ஆபீஸ் கதவை முழங்கையால் திறப்பார். பியூன் பழனியாண்டி வெளியிலிருந்து வரும் காகிதங்களைப் படியில் பரப்பி, கல் வைத்து, வெயில் காட்டிய பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் அடுப்பு அனலில் வாட்டிக் கொண்டுவருவான். "அப்பளம் சுடறமாதிரி காயிதம் சுடறேன், தம்பி. எங்கப்பன் கேட்டா நம்பமாட்டான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான். என் மேசையில் கிடந்த கவிதைப் பத்திரிகையை ஒருநாள் பென்சில் முனையால் புரட்டிப் பார்த்தார் குலசிங்கம். "எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஆர் ஆர் கையெல்லாம் பட்டு வந்ததோ!" என்று பென்சிலைக் கூடையில் போட்டார். பத்திரிகையைப் பற்றி அவ்வளவு சுருக்கமான விமரிசனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையில் நிற்கும்போது இன்னும் இருட்டுப் பிரிந்திருக்காது. குலசிங்கம் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைக்கப் பயந்து, குவளைத் தண்ணீரில் நனைத்து, உயரத் தூக்கிக் காற்றுப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். அவர் மூச்சு ஆட்கள்மேல் படலாம்; ஆட்கள் மூச்சு அவர்மேல் படக்கூடாது. பெயரை வாசித்ததும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார். 'வந்தேன்' என்ற பதில் காற்றோடு கலைந்த பிறகு கைக்குட்டையை எடுத்து அடுத்த பெயரை வாசிப்பார்.

பால்வெட்டுக்காரி மருதம்மாள் இதை விடமாட்டாள். தன் பெயர் வரும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமுவாள்.

"அங்காலை நில்! என்ன இருமல்?"

"பொகையிலங்கய்யா. காத்து மாறிப்போச்சு, பாத்துக்குங்க. இப்ப ஒங்க பக்கம்தான் அடிக்குது, லா."

அவர் இரண்டு எட்டுப் பின்வாங்குவார். பின்னால் சாக்கடை. வரிசை முழுவதும் குனிந்துகொண்டு சிரிக்கும்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நடந்த ஒன்றைப் பழனியாண்டி அடிக்கடி சொல்வான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். எங்கள் ஆட்களின் பேச்சில் வருத்தம் என்றால் மனக்கவலை. புதுக் கிராணி பெரட்டில் ஒவ்வொருவராய் நிறுத்தி, "உனக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கேட்டாராம். எந்தத் தோட்டத்திலும் எந்தக் கிராணியும் கேட்காத கேள்வி. ஒருத்தி ஊரில் விட்டுவந்த தாயைச் சொன்னாள். ஒருவன் கங்காணியின் அடியைச் சொன்னான். ஒரு கிழவர் அழவே ஆரம்பித்துவிட்டார். "தெய்வம் மாதிரி கெராணி வந்திருக்காருன்னு லயத்துல எல்லாரும் பேசிக்கிட்டோம். மறுநாளு பாத்தா அத்தனை பேரையும் வரிசையா நிக்கவச்சு மருந்து குடுக்குற டிரெஸர் வெளக்கெண்ணெய் ஊத்துறாரு!"

இந்தக் கதையைக் கேட்டால் குலசிங்கமே சிரிப்பார். சிரிக்கும்போது நல்ல மனிதராக இருப்பார்.

அவருடைய பயத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அதை அவர் மனைவி பூரணம் ஒருமுறை, அவர் இல்லாத நேரத்தில், சொன்னார். முதல் பிள்ளை ஆண். யாழ்ப்பாணத்தில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் தொண்டை அடைத்துக் காய்ச்சல் வந்தது, போய்விட்டது. "எங்கையிருந்து தொத்தினது எண்டு இண்டைவரை கேட்டுக்கொண்டிருக்கிறார், தம்பி. கோயிலிலையோ, கிணத்தடியிலையோ, ஆர் தூக்கினவையோ. அது தெரிஞ்சிருந்தால் இவ்வளவு இராது." இரண்டாவது குழந்தை இரஞ்சிதம் இங்கே, தோட்டத்தில் பிறந்தது.

இரஞ்சிதத்தை வளர்த்தவள் அழகம்மா. ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் தனியாக இருந்தவள். புருஷன் கப்பலேறி வந்த வருஷமே மலைக்காய்ச்சலில் செத்துப்போனான். கிராணி வீட்டுச் சமையல், குழந்தை, துணி எல்லாம் அவள்தான். உலகத்தில் அழகம்மா ஒருத்தியின் கைக்குத்தான் குலசிங்கம் தன் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார். அவளும் அந்தச் சட்டங்களைக் கற்றுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதித்தால் போதாது, கொதித்து அடங்க வேண்டும். கரண்டி ஒன்றோடொன்று படக்கூடாது. மூச்சு விடாமல் சோறு வடிக்க வேண்டும். "ஐயாவுக்குச் சோறாக்குறது கோயில்ல மடப்பள்ளி வேலை மாதிரி. பயபக்தியா இருக்கணும்" என்று மருதம்மாளிடம் சொல்வாளாம். "ஆமாமா, சாமிக்கும் கைகழுவுற வியாதி" என்பாளாம் மருதம்மாள்.

இரஞ்சிதத்துக்குப் பள்ளிக்கூட வயது வந்தது. யாழ்ப்பாணத்தில் தாய்மாமன் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது என்று முடிவாயிற்று. அந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிராணி வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். குலசிங்கம் எதிரே சாய்வு நாற்காலியில் காய்ச்சல்மானியை வாயில் வைத்திருந்தார். பின்கட்டில் பூரணம் கேட்பது கேட்டது.

"ஏன் அழகம்மா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா." கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். பிறகு, "நெஞ்சுக்குள்ள ஒரே வருத்தமா இருக்குங்கம்மா. ராவுல தூக்கமே வரமாட்டேங்குது. சோறு எறங்கல."

பாப்பா போகப்போகிறதே என்றுதான் அவள் சொன்னாள். பூரணத்துக்கு அது புரிந்தது, எனக்கும் புரிந்தது. குலசிங்கம் காய்ச்சல்மானியை வாயிலிருந்து எடுத்தார். நெஞ்சில் வருத்தம், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய ஊர்ப் பேச்சில் அது சயரோகம்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "ஐயா, அது கவலையைச் சொல்லுது. எங்க பேச்சுல வருத்தம்னா…"

"எனக்குத் தெரியாதே? நான் இந்த நாட்டுக்கு நேற்றோ வந்தனான்?"

பூரணம் வந்து நின்றார். "பிள்ளை போகப்போகுதெண்டு மனவருத்தப்படுகிறாள். வேறை ஒண்டுமில்லை."

"மனவருத்தமெண்டால் மனமெண்டு சொல்லவேணும். நெஞ்செண்டல்லோ சொன்னவள்?"

"அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"ஓம், தெரியும். தெரியும்." எழுந்து ஜன்னல்வரை போனார். ஜன்னலைத் தொடாமல் திரும்பி வந்தார். "ஆனால், இருந்துதெண்டால்?"

நூறு முறை இல்லை என்று சொன்னாலும் அந்தக் கேள்வி அப்படியே வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

டிரெஸர் வந்து அழகம்மாவின் முதுகில் தட்டிப் பார்த்தார். மூச்சு இழுக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை என்றார். "உமக்குக் கேக்கேல்லை எண்டதாலை இல்லையெண்டாகுமோ?" என்றார் குலசிங்கம். மறுநாள் துரையிடம் போனார். சயரோகம் என்ற சொல்லைத் துரை ஒருமுறைதான் கேட்டார். லயத்தில் அது பரவினால் பால்வெட்டு என்ன ஆகும் என்பது துரையின் கவலை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வைத்துச் சளியைச் சோதிக்க உத்தரவாயிற்று.

பாலைத் தகடாக்கிய ரப்பர்ச் சீட்டு ஏற்றிப்போகும் லாரியில் அழகம்மாவை உட்கார்த்தினார்கள். புகைபோட்ட ரப்பரின் வாடைக்கு நடுவில் சின்ன மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கிராணி வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு ஜன்னலை உள்ளேயிருந்து சின்னக் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

"ஒரு வாரம்தானாம், மருதம்மா. சளிய பாத்துட்டு அனுப்பிருவாங்களாம். பாப்பா கப்பலேறக்குள்ள வந்துருவேன்" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லு, ரசத்த ஒறைக்காம வைக்கணும். பாப்பா நாக்கு தாங்காது."

லாரி வளைவு திரும்புவதற்குள் பின்கட்டில் நெருப்பு எரிந்தது. அவள் உட்காரும் பலகை, பாய், முறம், அரிசி களையும் சட்டி எல்லாம் அதில் போயின. சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அம்மியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, பிறகு அந்த அம்மியையும் உருட்டிக் கொண்டுபோய் ஓடையில் போட்டார்கள்.

குலசிங்கம் தன்னிடமும் சயரோகம் வருவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அத்தனை வருஷம் அவள் கைச்சோறு தின்றிருக்கிறார். காலையில் ஸ்டோரில் ரப்பர் நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். பழனியாண்டி எடைக்கல்லை வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். பயத்தில் சாப்பாடு குறைந்தது. சாப்பாடு குறைந்ததில் எடை குறைந்தது. எடை குறைந்ததில் பயம் கூடியது. "முள்ளு இறங்குது, தம்பி. தராசு பொய் சொல்லாது" என்று என்னிடம் சொன்னபோது அவர் உதடு வெள்ளையாக இருந்தது. இரஞ்சிதத்தை வெயிலில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டே, "அழகம்மா எப்ப வருவா?" என்று கேட்கும். நாக்கை நீட்டினால் பேசமுடியாதே. அது என்ன கேட்கிறது என்று அவருக்குப் புரியாததுபோல் இருப்பார்.

வாரம் போயிற்று. அழகம்மா வரவில்லை. 'சாக்கிட்' பலமாம், நோவு முற்றிவிட்டதாம், அங்கேயே வைத்துக்கொண்டார்களாம் என்று பேச்சு வந்தது. எங்கிருந்து வந்த பேச்சென்று யாருக்கும் தெரியாது. லயத்தில் அவள் அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். இரஞ்சிதம் கப்பலேறியது. மழைக்காலத்தில், கெடா மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்ட ஒரு காலையில், அழகம்மா இறந்துவிட்டாள் என்று துரைக்கு டெலிபோன் வந்தது. சயரோகம்தான் என்றார்கள்.

குலசிங்கம் எழுந்து கை கழுவினார். துடைத்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பழனியாண்டியைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியாமல் சொன்னார்:

"நான் அப்பவே சொன்னனான்."

அன்று முதல் தோட்டத்தில் அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. கெராணி ஐயா மூக்குக்கு எல்லாம் தெரியும் என்றார்கள். டிரெஸர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். சில வீடுகளில் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறார்கள். மருதம்மாள் பெரட்டில் இருமுவதில்லை. இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, 'வந்தேன்' என்கிறாள். குலசிங்கத்தின் எடையும் ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் குருணுக்கு அழைத்துப்போகிறார். வெந்நீரை எனக்கும் ஊற்றுகிறார். "பாத்தீரோ தம்பி, சிரிச்சவையெல்லாம் இப்ப எங்கை?" என்று காதுக்கு மேல் வாயை வைத்துக் கோப்பி குடிக்கிறார். அவர் கோப்பி குடிப்பதைப் பார்த்து இப்போது கடையில் யாரும் சிரிப்பதில்லை.

போன மாதம் ஆபீஸ் வேலையாக அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் பரஞ்சோதி. முன்பு அந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். இப்போது கடை வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவராகவே கேட்டார்.

"அழகம்மா இருந்த தோட்டமா? பாவம்ங்க அது. வந்தப்ப ஒண்ணுமேயில்ல. சளியில கிருமியில்ல, கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டரே ஒங்க கெராணிக்கு டெலிபோன்ல சொன்னாரே. நோவு அப்புறம்ல தொத்துச்சு. போக எடமில்லாம அங்கேயே வார்டு கூட்டிக்கிட்டுக் கெடந்துச்சு."

"யாரும் வரவில்லையா?" என்றேன்.

"வராம என்னங்க. அந்த வாரமே கெராணி வந்தாரு. வாடகைக் காரு வச்சுக்கிட்டு."

வாசலுக்கு வெளியிலேயே நின்றாராம். கையில் ஒரு மூட்டை. பூரணம் கொடுத்தனுப்பிய புதுச்சேலை. அதைத் தரையில் வைத்து, குடை நுனியால் கம்பிக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினாராம். "குளிச்சுப்போட்டு இதைக் கட்டிக்கொண்டு வரச்சொல்லும். பழசு ஒண்டும் கொண்டு வரப்படாது." பரஞ்சோதி மூட்டையை எடுத்துப்போய்க் கொடுத்தார். அழகம்மா அப்போது தாழ்வாரத்தில், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். எலும்பாகிப்போன பெண், வாரும்போதே இருமிக்கொண்டிருந்தது. பாதி வாரிய தலையை அவசரமாக முடிந்துவிட்டு, அழகம்மா மூட்டையோடு குளிக்க ஓடினாள். 

கம்பிக்கு வெளியே நின்ற குலசிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பரஞ்சோதி திரும்பி வந்ததும், "உந்தப் பெட்டைக்குப் பக்கத்திலையோ இவள் படுக்கிறது?" என்று கேட்டார்.

"வந்ததுலேருந்து அது கூடத்தான்யா. ராவெல்லாம் தூக்கி உக்காரவச்சு முதுகு தடவும்" என்றாராம் பரஞ்சோதி, அவளை மெச்சிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அழகம்மா ஈரத் தலையோடு, புதுச்சேலையில், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அங்கே கார் இல்லை.